வேட்டி பெல்ட்டில் அடங்கும் கைத்துப்பாக்கி: உரிமம் பெற்றவர்கள் பார்த்து வாங்க வேண்டியவை

கைத்துப்பாக்கி உரிமம் கைக்கு வந்ததும் பலரும் நேராகக் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றில் எது சிறியது, எது பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் தோட்டா, அடுத்து கை, அதற்கடுத்து உடுப்பு, கடைசியில்தான் மாடல். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வாங்கிய ரொக்கத்தோடு இரவில் ஊர் திரும்பும் வியாபாரிக்கும், பல்லடத்துக்கோ சிவகிரிக்கோ பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) மனைவியோடு தனித்திருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தாது. இருவரிடமும் ஒரே மாடலைக் காட்டும் கடைக்காரர் தம்மிடம் இருக்கும் சரக்கைத் தள்ளப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வது நம் நாட்டில் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. பொது இடத்தில் எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுவதும் மூடப்பட்டு, வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் நிபந்தனை. ஆகவே சீர் வீட்டில் சட்டையைத் தூக்கி உறவினருக்குக் காட்டுவதும் விதிமீறலே. மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையுமே விதிக்க இடம் தருகிறது. இப்படிப்பட்ட ஆசை உள்ளவர்கள் உரிமத்துக்கே விண்ணப்பிக்காமல் இருப்பது அவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது.

இனித் தோட்டா. வெளிநாட்டுப் படங்களில் வரும் 9 மி.மீ. பிஸ்டலைச் சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது; அது தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 32 போர் (போர் என்பது குழலின் விட்டத்தைக் குறிக்கும் அளவு). கொஞ்சம் 22 போரும் உண்டு. 32 போர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு தோட்டாக்கள் இருப்பதைப் புதிதாக வாங்குவோர் பலர் கவனிப்பதில்லை. பிஸ்டலுக்குப் போடுவது 7.65 மி.மீ. எனப்படும் குட்டையான ஏசிபி தோட்டா. ரிவால்வருக்குப் போடுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்ற, பின்புறம் அகன்ற விளிம்புள்ள நீளமான தோட்டா. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது, கடைக்காரர் கொடுக்கும் டப்பாவின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது, குழலின் மீது என்ன பொறித்திருக்கிறது என்று மூன்றையும் ஒத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். உங்கள் மாவட்டக் கடைகளில் எந்தத் தோட்டா வருடம் முழுவதும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தோட்டா கிடைக்காவிட்டால் பழக முடியாது. பழகாதவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கியும் நம்பகமானதன்று. 22 போரின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா சில சமயம் வெடிக்காமல் போகும் என்பதால், அதைப் பழகுவதற்கு வைத்துக்கொள்வது பொருத்தம். பாதுகாப்புக்கு 32 போரே மேல்.

அடுத்தது கை. சிறிய பிஸ்டல் என்றால் இயக்குவதும் எளிது என்ற எண்ணம் தவறு. 32 போர் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்லைடின் (சுடும்போது பின்னோக்கி நகரும் மேல்பாகத்தின்) எடையையும் சுருள்வில்லின் விறைப்பையும் மட்டுமே நம்பிச் சுடும் அமைப்புக் கொண்டவை. அதனால் சுருள் இறுக்கமாக இருக்கும். ஸ்லைடு சிறியதாக இருப்பதால் பிடித்து இழுக்க இடமும் குறைவு. விரல் மூட்டில் வலி உள்ளவரும், ஈரக்கையோடு தோட்டத்தில் நிற்பவரும் அந்த ஸ்லைடை முழுதாக இழுக்க முடியாமல் பாதியில் விட்டால், தோட்டா சரிவர ஏறாமல் குறுக்கே சிக்கிக்கொள்ளும். எனவே கடையிலேயே, வெறும் துப்பாக்கியாக இருக்கும்போது, வேகமாகவும் நிதானமாகவும் பலமுறை இழுத்துப் பாருங்கள். மனைவியும் எடுக்க நேரலாம் என்றால், அவருக்கும் உரிமம் வேண்டும் என்பதை மறவாமல், அவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிரமம் தெரிந்தால் ரிவால்வருக்குப் போய்விடுவது நேர்மையான முடிவு. ரிவால்வரில் இழுக்க வேண்டிய ஸ்லைடு இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் டிரிக்கரை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். ஆனால் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னிழுக்காமல் சுடும்போது டிரிக்கர் கனமாக இருக்கும். தோட்டாக்கள் இருக்கும் உருளையின் தடிமனும் இடுப்பில் புடைப்பாகத் தெரியும். தோட்டத்துச் சாளையில் இருப்பவருக்கு இந்தப் புடைப்பு ஒரு பொருட்டே அல்ல. சந்தைக்குப் போகும் வியாபாரிக்குத்தான் அது இடைஞ்சல்.

உடுப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் ஜீன்ஸும் ஜாக்கெட்டும் அணிபவரை நினைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்து ஆள் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பார். அந்தப் பெல்ட் பணப்பைக்காகச் செய்யப்பட்டது. அதில் உறையைச் செருகினால் துப்பாக்கியின் எடையில் கீழ்நோக்கிச் சாய்ந்து, பிடி சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பின்புறம் விறைப்பான தோல் வைத்துத் தைத்த பெல்ட்டும், இடுப்போடு ஒட்டி நிற்கும் உறையும் சேர்ந்தால் 600 கிராம் வரை எடையுள்ள துப்பாக்கி பிரச்சினையின்றி நிற்கும். வெள்ளைச் சட்டை மெல்லியது. வியர்த்து ஒட்டிக்கொண்டால் கறுப்புத் துப்பாக்கியின் உருவம் அப்படியே தெரியும். இதற்காகச் சட்டைக்குள் கைவைத்த பனியன் போடுவதும், உறையின் நிறத்தை வெளிர்ப்பழுப்பாகத் தேர்ந்தெடுப்பதும் போதும். பட்டாப்பட்டி டவுசர் பையில் சில்லறையோடும் சாவிக்கொத்தோடும் உறையின்றித் துப்பாக்கியைப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கூடவே கூடாது: டிரிக்கரை மூடாத உறையும், உறையே இல்லாத பையும் ஒன்றுதான். உறையை வாங்கியதும் கட்டிக்கொண்டு, டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்கார்ந்து, கீழே குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கி, மறுபடி நிமிர்ந்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று பார்ப்பதைவிட இது நிறையச் சொல்லும்.

இன்னொரு உள்ளூர்ப் பிரச்சினை தூசி. திருப்பூர் பனியன் கம்பெனியிலோ நூல் மில்லிலோ நாள் முழுக்க இருப்பவர்களின் சட்டையிலும் தலையிலும் படியும் பஞ்சுத்தூசி, இடுப்பில் இருக்கும் பிஸ்டலுக்குள்ளும் போகும். கொப்பரைக் களத்தில் நார்த்தூள். ஆடிக் காற்றடிக்கும் மாதங்களில் செம்மண் புழுதி. இவை எண்ணெயோடு சேர்ந்து பசையாகி, சிறிய பிஸ்டல்களின் இறுக்கமான இடைவெளிகளில் அடைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணெயைத் தாராளமாக ஊற்றுபவர்கள் துப்பாக்கியைப் பாதுகாப்பதில்லை. துணியில் ஒரு சொட்டுத் தொட்டுத் துடைத்தால் போதும். வியர்வை உப்புக்குக் கருநீல முலாம் தாங்காது. பிடிக்கு மேலே உடம்பில் படும் பகுதியில்தான் முதலில் துரு தெரியும்.

இவ்வளவும் தீர்மானித்த பின்தான் மாடல். அரசுப் படைக்கல ஆலைகளின் 32 போர் பிஸ்டலான ‘அசனி’ எளிமையானது, பழுதுபார்க்கவும் எளிது. அழகை எதிர்பார்க்கக் கூடாது. 2014-இல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டானியக் கலப்பு உலோகத்தில் சுமார் 500 கிராம் எடை கொண்டது. எடை குறைந்ததை வாங்குவோர், சுடும்போது கையில் வரும் உதை அதற்கேற்பக் கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023-இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் திறக்கும்; தோட்டா மாற்றுவது பழைய மடக்கும் வகையைவிட வசதி. கொஞ்சம் கனம்தான், ஆனாலும் சாளைக்கு என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

1980-களில் தனியாருக்கான இறக்குமதி நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வால்தர் பிபிகே, கோல்ட் 1903, எஃப்என் பிரௌனிங் 1910, வெப்லி போன்றவை இன்று தாத்தா காலத்து நகைபோல் கைமாறுகின்றன. விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். பேருக்காக அத்தனை பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள பிபிகே இடுப்புக்கு மிக இணக்கமான பிஸ்டல் என்பதை மறுக்க முடியாது. கோல்ட் 1903, எஃப்என் 1910 இரண்டிலும் கீழே விழுந்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி முன்னேறாமல் தடுக்கும் பூட்டு கிடையாது. அவற்றைக் குழலில் தோட்டா ஏற்றிய நிலையில் இடுப்பில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில்) மட்டும் தோட்டா இருக்கட்டும்.

கைமாறும் துப்பாக்கியை வாங்கும் முறை இப்படி இருக்கட்டும்: மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, குழல் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு வெளிச்சத்தில் குழலுக்குள் பாருங்கள். புள்ளிப்புள்ளியாக அரிப்பு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா, சுருள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சிறிய பிஸ்டல்கள் சிக்குவதற்கு மேகசினே முதற்காரணம். ஏசிபி தோட்டாவுக்கு அடியில் சற்றே விளிம்பு உண்டு; மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் விழுந்தால் பூட்டிக்கொள்ளும். ரிவால்வர் என்றால் சுத்தியலை மெதுவாகப் பின்னிழுத்து, அது முழுதும் பின்னுக்குப் போகும்முன் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு அறைக்கும் பார்க்க வேண்டும். துப்பாக்கியின் வரிசை எண் உரிமத்தோடும் முந்தையவரின் ஆவணத்தோடும் ஒத்துப்போகிறதா என்பதைத் தேய்ந்த இடத்திலும் விடாமல் படியுங்கள். ஒரு உரிமதாரர் இன்னொருவருக்கு நேரடியாக விற்பதென்றால், மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பின்பே கைமாற்ற முடியும். ‘இப்பவே எடுத்துக்கோங்க, பேப்பர் அப்புறம் பார்க்கலாம்’ என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வாங்கியதும் ரைஃபிள் கிளப் போன்ற அனுமதி பெற்ற சுடுதளத்தில், நீங்கள் இடுப்பில் வைக்கப்போகும் அதே தயாரிப்புத் தோட்டாவால், எல்லா மேகசின்களையும் வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஒரே மேகசினில் திரும்பத் திரும்பச் சிக்கினால் குறை மேகசினில். எல்லாவற்றிலும் சிக்கினால் பிஸ்டலில் அல்லது பிடிக்கும் கையில். மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுடுவோருக்குச் சிறிய பிஸ்டல் சிக்கும் என்பதால், பழுதுபார்க்க அனுப்பும் முன் வேறொரு அனுபவசாலியைச் சுடச் சொல்லிப் பார்ப்பது பணத்தை மிச்சமாக்கும்.

உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், வாளையாறு தாண்டியோ பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்கோ துப்பாக்கியோடு போனால் நீங்களே குற்றவாளி; தாளவாடி வழியாகச் சாமராஜநகர் போகும் வியாபாரிக்கும் அதுவே. தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி வரும் உத்தரவை நினைவில் வைத்து, தோட்டாவைத் தனியே எண்ணி எழுதி, ரசீது வாங்குங்கள். துப்பாக்கியைத் தோல் உறையோடு கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பப் பெறும் அன்று வரிசை எண்ணையும் குழலின் உட்புறத்தையும் காவல் நிலையத்திலேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.