பஞ்சாங்கத்தை வைத்து வானத்தில் கிரகம் தேடுவது எப்படி

ஒரு சனிக்கிழமை மாலை நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டுக் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் பேத்தி கேட்டாள்: "ஆயா, சனி இப்போ எங்கே இருக்கு?" உள்ளே கையைக் காட்டினேன். "அது இல்லை ஆயா, மேலே." எனக்குப் பதில் தெரியவில்லை. அம்பது வருடம் சுற்றி வந்த கிரகத்தை நான் ஒரு தடவைகூட வானத்தில் தேடியதில்லை. அது மனதைக் குடைந்தது. அதற்கப்புறம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய செலவு கிடையாது. பூஜை அறையில் இருக்கும் பஞ்சாங்கமே வானத்துக்கு நல்ல வரைபடம்.

ஆனால் அது திருக்கணிதப் பஞ்சாங்கமாக இருக்கவேண்டும். விரதம், பண்டிகைக்கு உங்கள் கோயில் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றினால் அது அப்படியே இருக்கட்டும். கிரகம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம்தான். அதில் போட்டிருப்பது இந்திய நேரம். நமக்கு மூன்றரை மணி நேரம் கழிக்கவேண்டும். இங்கே ஆங்கிலப் பத்திரிகையில் வரும் ராசியை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நட்சத்திரங்களை விட்டு ஏறத்தாழ 24 பாகை தள்ளிப் போய்விட்டது. நம் கணக்கு இன்னும் நட்சத்திரங்களை ஒட்டியே இருப்பதால், குரு மிதுனத்தில் என்று போட்டிருந்தால் மிதுன நட்சத்திரங்களின் பக்கத்தில்தான் குரு நிற்கும்.

கிரகங்கள் கண்டபடி அலைவதில்லை. சூரியனும் நிலவும் போகிற அதே பாதையில்தான் போகும். அந்தப் பாதையைப் பிடிக்க நான்கு நட்சத்திரம் போதும்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. டர்பனில் ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால் ரோகிணி, ஆரஞ்சு நிறத்தில். ஏப்ரலில் அதே நேரத்தில் அதே பக்கம் மகம். மே கடைசியில் சித்திரை, இன்னும் உயரத்தில். ஜூலையில் கேட்டை நேராகத் தலைக்கு மேல், சிவப்பாக. செவ்வாய் விருச்சிகத்துக்கு வரும் காலத்தில் இந்தக் கேட்டையைச் செவ்வாய் என்று பலர் காட்டுவார்கள். மினுக்கினால் நட்சத்திரம், நிலையாக எரிந்தால் கிரகம். கடலை ஒட்டித் தாழ்வாக இருக்கும்போது மட்டும் கிரகமும் கொஞ்சம் மினுக்கும்.

இப்போது ராசிக் கட்டத்தை எடுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக மீனம், மேஷம், ரிஷபம், மிதுனம். நாம் பூமியின் தெற்குப் பாதியில் வாழ்கிறோம், அதனால் அந்தப் பாதையை வடக்கு பார்த்து நின்றுதான் பார்ப்போம். அப்போது கிழக்கு வலது கைப்பக்கம் வரும். வானத்திலும் ராசிகள் அதே வரிசையில், இடமிருந்து வலமாகவே நிற்கும். இதை முதன்முதலில் கண்டுகொண்ட இரவில் தாளை மேலே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்பா வீட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்த கட்டம், அப்படியே மேலே இருந்தது. மற்ற ராசிகள் வேண்டுமென்றால் தாளைத் திருப்பி, அந்த வரிசை மேலே வரும்படி பிடியுங்கள்.

எந்த நேரத்தில் பார்ப்பது? தமிழ் மாதமே சொல்லிவிடும். ஆடியில் சூரியன் கடகத்தில். கடகத்திலிருந்து எண்ணினால் நாலாம் ராசி துலாம். சூரியன் மறைந்ததும் அது உச்சியில். ஏழாம் ராசி மகரம். அது அப்போதுதான் கிழக்கே ஏறும், விடிய விடிய இருக்கும். சூரியன் இருக்கும் ராசியிலேயே கிரகமும் இருந்தால் தேடவேண்டாம், வெளிச்சத்தில் மறைந்திருக்கும். சூரியன் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும்.

வக்ரம் என்றால் நம் வீடுகளில் பயப்படுவார்கள். செவ்வாய், குரு, சனி வக்ரத்தில் இருக்கும் மாதங்கள்தான் பார்க்க மிக நல்ல காலம். பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அவற்றைத் தாண்டுகிறது. அதனால்தான் அவை பின்னால் போவதுபோல் தெரிகின்றன. அப்போதுதான் நமக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாக இருக்கும். பஞ்சாங்கத்தில் 'வ' என்று போட்டிருந்தால் நான் நாற்காலியை வெளியே எடுத்துப்போடுவேன்.

சுக்கிரனைத் தேடவே வேண்டாம், அதுவே கண்ணில் படும். மாலையில் மேற்கே அல்லது விடியலில் கிழக்கே. நள்ளிரவில் ஒருபோதும் இருக்காது. புதன் கடினம். மார்ச், ஏப்ரலில் அது விடியலுக்கு முன் எழும் நாட்களில் கடற்கரையிலிருந்து கிழக்கே பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். ராகு, கேது பொருள்கள் அல்ல. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்தால் கிரகணம்.

குருவைப் பார்க்க ஒரு பைனாகுலர் வாங்குங்கள், 7×50 அல்லது 10×50. சுவரில் முழங்கையை ஊன்றிப் பாருங்கள். 1610-ல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் ஒரே கோட்டில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மறுநாள் பாருங்கள், இடம் மாறியிருக்கும். உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். வெளியே இருக்கும் கலிஸ்டோவுக்குப் பதினேழு நாள் பிடிக்கும். சனியின் வளையத்துக்கு டெலஸ்கோப் வேண்டும், 30 மடங்கு போதும். 525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்றை ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். காற்றடித்தால் அதன் கால்கள் ஆடும், எதுவுமே நிற்காது. கால் உறுதியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பாகத் திரும்பிக் கோடாகிவிட்டது. இனி வருடா வருடம் விரியும்.

அப்புறம், பஞ்சாங்கத்தில் இல்லாதவை. செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவில் லட்சக்கணக்கான சிறுகோள்கள் சுற்றுகின்றன. அவற்றில் சில நம் நாட்டிலேயே கண்டுபிடித்தவை. ஜோஹானஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தில் வானியலாளர் சிரில் ஜாக்சன் 1932-ல் கண்டதற்கு ஜூலு மன்னர் சாக்காவின் பெயர். 1934-ல் கண்டதற்கு நம் துகேலா ஆற்றின் பெயர். இரண்டும் பைனாகுலருக்கு எட்டாத அளவு மங்கலானவை. எட்டுவது வெஸ்டா, 525 கிலோமீட்டர் அகலம். ஏறத்தாழ பதினேழு மாதத்துக்கு ஒருமுறை நமக்கு நன்றாகத் தெரியும் நிலைக்கு வரும். அது எந்த இடத்தில் இருக்கும் என்பதை மட்டும் போனில் உள்ள வானப் படச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலரில் வெஸ்டா ஒரு நட்சத்திரம்போலத்தான் இருக்கும், பார்த்த உடனே அடையாளம் தெரியாது. அதனால் வரையவேண்டும். நோட்டில் ஒரு வட்டம் போட்டு, பைனாகுலரில் தெரியும் புள்ளிகளை எல்லாம் பென்சிலால் குறியுங்கள். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டால் கண் கூசாது. இரண்டு நாள் கழித்து அதே இடத்தை மறுபடி வரையுங்கள். நிலவின் அகலம் அளவுக்கு ஒரே ஒரு புள்ளி நகர்ந்திருக்கும். எங்களுக்கு அது 2023-ல் கரண்ட் போன ஓர் இரவில் கிடைத்தது. தெரு முழுக்க இருட்டு. பேத்தி இரண்டு தாளையும் மெழுகுவத்திப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒரு புள்ளியில் விரலை வைத்தாள். தேதி போட்டு, பஞ்சாங்கத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறாள்.