கணினி தந்த சாகசத்தில் ஆற்றுத் தண்ணீர்

ஆளுக்கொரு பாத்திரமாகி, மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டுக்குக் கணினியிடம் சாகசக் கதை கேட்டால், இருண்ட குகையும் மர்மக் கிழவரும்தான் வருவார்கள். அப்படியே ஆடினால் அரை மணியில் கொட்டாவி. முதலில் அது எழுதிய முடிவை அழித்துவிடுங்கள். முடிவை ஆடுபவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் குகைக்குப் பதில் தெரிந்த இடம். நான் வைத்தது நம் திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயில். தாமிரபரணிக்குள்ளேயே நிற்பது, வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வெள்ளம்தான் சாகசமே: ஆட்டத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு படி மூழ்கும்.

கிழவருக்கும் ஏதாவது தேவை கொடுங்கள். எங்கள் கிழவர், மண்டபத்தில் விட்ட வெற்றிலைப் பெட்டி இல்லாமல் நகரமாட்டேன் என்றார். பெட்டியை எடுக்க உருட்டிய 20 முகப் பகடையில் வெறும் 3 விழுந்தது. பெட்டி ஆற்றோடு போயிற்று. பின்னாலேயே கிழவரும் குதித்தார்.