உருளைக்கிழங்குக் குழியில் ஊறும் தண்ணீர்: செல் சவ்வைப் பொருள்கள் கடப்பது எப்படி?

செல் சவ்வு, அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் என்றதும் பாடப்புத்தகத்து இரட்டை வரிசைப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மூன்று உருளைக்கிழங்கு இருந்தால் அதே பாடத்தை ஒரே மதியத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். முட்டையை வினிகரில் ஊறவைத்துச் செய்யும் சோதனையும் உண்டு. ஆனால் முட்டை ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோல் புரத நார்களால் ஆனது, அது செல் சவ்வு அல்ல. கிழங்கில் இருப்பவை உயிருள்ள செல்கள். அதனால்தான் எனக்குக் கிழங்கு பிடிக்கும்.

தேவையானவை: ஒரே அளவில் மூன்று உருளைக்கிழங்கு, சர்க்கரை, மூன்று தட்டு, தண்ணீர், ஒரு பீட்ரூட்.

படி 1: கிழங்கைக் கிண்ணமாக்குங்கள்

ஒரு கிழங்கை மட்டும் உடையாத பதத்தில் வேகவைத்து ஆறவிடுங்கள். மற்ற இரண்டும் பச்சையாகவே இருக்கட்டும். மூன்றையும் தோல் சீவி, ஆடாமல் உட்கார அடிப்பக்கத்தைத் தட்டையாக நறுக்கி, மேலே ஸ்பூனால் குழி தோண்டுங்கள். அடியில் ஒரு விரல் கனம் மிச்சம் இருக்க வேண்டும். சின்ன ஓட்டை விழுந்தாலும் தட்டுத் தண்ணீர் நேராக உள்ளே வந்துவிடும். அப்புறம் நீங்கள் பார்ப்பது சவ்வின் வேலையாக இருக்காது. குழியைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

படி 2: சர்க்கரை போடுங்கள்

ஒரு பச்சைக் கிழங்கிலும் வெந்த கிழங்கிலும் ஆளுக்கொரு டீஸ்பூன் சர்க்கரை. இன்னொரு பச்சைக் கிழங்கு காலியாக இருக்கட்டும். மூன்றையும் தட்டில் வைத்து, அரை அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள்.

படி 3: கிட்டே போய்ப் பாருங்கள்

சர்க்கரை போட்ட பச்சைக் கிழங்கில், முதலில் குவியலின் ஓரம் ஈரமாகி மினுமினுக்கும். பிறகு பாகு போல இளகும். கடைசியில் குழியில் தண்ணீரே தேங்கி நிற்கும். காலிக் குழியில் தண்ணீர் சேராது. வெந்த கிழங்கில் சர்க்கரை கொஞ்சம் நசநசத்துப் போகலாம், ஆனால் குழி நிறையாது.

சரி, ஏன்? தட்டில் வெறும் தண்ணீர், குழியில் சர்க்கரைப் பாகு. நடுவே அடுக்கடுக்காகச் செல்கள். சர்க்கரையால் அந்தச் சவ்வுகளை எளிதில் கடக்க முடியாது, தண்ணீரால் முடியும். எனவே தண்ணீர் அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு நகர்கிறது. இதுதான் சவ்வூடு பரவல். சவ்வின் கொழுப்பு அடுக்கு வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். வேகமாகப் போக அக்குவாபோரின் என்ற புரதக் குழாய்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குழாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாக ஓடும். இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வேகவைத்ததில் சவ்வுகள் குலைந்துவிட்டன. எது போகலாம், எது கூடாது என்று தடுக்க அங்கே ஏதும் இல்லை. இந்த வெந்த கிழங்கைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாடத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

படி 4: பீட்ரூட்டால் உறுதி செய்யுங்கள்

பீட்ரூட்டை நறுக்கி, வெட்டுப்பட்ட இடத்துச் சாயம் போகும்வரை அலசுங்கள். ஒரு துண்டைக் குளிர்ந்த நீரிலும் இன்னொன்றைக் கொதிநீரிலும் போடுங்கள். கொதிநீர் சில நிமிடங்களில் சிவந்துவிடும். குளிர்ந்த நீர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். சூட்டில் சவ்வு குலைந்ததால்தான் செல்லுக்குள் இருந்த சாயம் வெளியே வந்துவிட்டது.

படி 5: ஏற்றிவிடும் பம்பு

இதுவரை பார்த்தது பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போன்றது, செல்லுக்குச் செலவில்லை. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இப்படித்தான் கொழுப்பு அடுக்கை ஊடுருவிப் போகின்றன. மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்றால் ஆற்றல் வேண்டும். நம் செல்களில் ஒரு பம்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒவ்வொன்றைச் செலவழிக்கும்போதும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, வெளியே இருப்பது உள்ளே வரத் துடித்துக்கொண்டே இருக்கும்.

படி 6: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துப் படியுங்கள்

வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடிதான் ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட கலவைப்படி, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் (பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் தனி). உப்போடு சர்க்கரை எதற்கு? சிறுகுடல் செல்களின் சவ்வில் இருக்கும் ஒரு கதவு, சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அவற்றை உள்ளே விடும். உள்ளே வர முண்டும் சோடியம் குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு நுழைய, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலராவிலும் இந்தக் கதவு பழுதாவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த போங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் நீரை வாய்வழியே கொடுத்தபோது, அதுவரை 30 சதவீதம் வரை இருந்த காலரா இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கலக்குங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று அரை லிட்டரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழியில் கிடந்த சர்க்கரை கிழங்கின் வழியே தண்ணீரை இழுத்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? அந்தக் கெட்டிக் கரைசலும் உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும்.