பொங்கலுக்குச் சுவர் அலங்காரம்: மிச்சம் மீதியே போதும்

சார்ட் துண்டு, உல்லன் நூல், சம்கி என்று பெட்டியில் கிடப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். அட்டையை வட்டமாக வெட்டிக் கோணித்துணி ஒட்டினால் பின்னணி தயார். வேலூர் வெயில்தானே என்று மாடியில் காயவைத்தால் அட்டை வளைந்துவிடும். நிழலில், மேலே கனமான புத்தகம் வைத்து விடுங்கள்.

பானைக்கு என் தேர்வு தோல்தான். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்பு தைப்பவர்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருக்கும். காவி நிறத் துண்டு கிடைத்தால் அச்சு அசல் மண்பானை! இதற்கு ஃபெவிகாலை விட, செருப்புக்குப் போடும் ரப்பர் பசை நல்லது. தோல், கோணி இரண்டிலும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், நெடி தலைக்கேறும்.

பொங்கும் நுரைக்குப் பஞ்சு. ஐஸ் குச்சியில் ஊதா நூலைச் சுற்றி, இடையிடையே வெள்ளை நூல் கட்டினால் கணுவோடு கரும்பு ரெடி.