அண்ணன் வீட்டில் வாடகைக்கு இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் கேட்பது எப்படி?

கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு உறவினர் வீட்டுக்குக் குடிபோகும் பெண்ணிடம் இங்கிலாந்தில் நம் ஆட்கள் முதலில் சொல்வது, "சொந்தக்காரர் வீடென்றால் அரசு வாடகைக் காசு தராது" என்பதுதான். அதில் பாதிதான் உண்மை. கிழக்கு லண்டனில் என் அண்ணனுக்குச் சொந்தமான இன்னொரு வீட்டில் நானும் மகளும் மகனும் வாடகைக்கு இருக்கிறோம். குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் உதவிப் பணமான யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கும் வருகிறது.

முதலில் விசாவைப் பாருங்கள். பொது நிதி (அரசு உதவிப் பணம்) பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், குடிவரவுச் சட்ட ஆலோசகரைக் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். வன்முறை காரணமாகப் பிரிந்த, துணைவர் விசாவில் உள்ளவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, அதையும் கேளுங்கள்.

வீட்டுக்காரர் நெருங்கிய உறவாக இருந்து, உங்களோடு அதே வீட்டில் வசித்தால் வாடகைப் பங்கு கிடையாது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், மருமக்கள், இவர்களின் துணைவர்கள் எல்லோரும் நெருங்கிய உறவுதான். அண்ணனும் அண்ணியும் மேல்மாடியில், நீங்கள் கீழறையில் என்றால் உங்களுக்கும் பிள்ளைகளுக்குமான மற்றத் தொகைகளை மட்டும் கேட்கலாம். சித்தப்பா, தாய்மாமன், ஒன்றுவிட்ட அண்ணன் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை.

வேறு வீடாக இருந்தாலும் வாடகை மெய்யான வாடகையாக இருக்க வேண்டும். உதவிப் பணத்துக்காகவே செய்துகொண்ட ஏற்பாடு என்று பட்டால் மறுத்துவிடுவார்கள். நம் குடும்பங்களில் சிக்கல் இங்கேதான். "எங்களுக்குள் எதற்குக் கடதாசி?" என்றுதான் என் அண்ணனும் கேட்டார். அன்பினால் கேட்டார். ஆனால் அந்தக் கடதாசிதான் உங்களைக் காக்கும். வாடகை எவ்வளவு, எந்தத் திகதியில், கட்டத் தவறினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். என் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் முதலாம் திகதி ஒரே தொகை, "வாடகை" என்ற ஒற்றைக் குறிப்போடு போகிறது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் பெயரில் அண்ணன் திருப்பித் தந்தால் எல்லாம் கெட்டுவிடும். பாசமுள்ள அண்ணன்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத்தான் வேண்டும்.

தொகையை முடிவு செய்யுமுன் உங்கள் பகுதிக்கான 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' (வாடகைக்கு அரசு தரும் உச்சத் தொகை) எவ்வளவு என்று அரசு இணையதளத்தில் பாருங்கள். வாடகை அதைவிடக் கூடினால் மிச்சம் உங்கள் கையிலிருந்து போகும். அந்தத் தொகை எத்தனை படுக்கையறை தேவை என்பதைப் பொறுத்தது. பத்து வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளுக்கு ஓர் அறைதான் கணக்கு. மகளுக்கு 12, மகனுக்கு 8 என்றால் தனித்தனி அறை. உங்களுக்கு ஒன்று, ஆக மூன்று. 35 வயதுக்குக் கீழே, பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருப்பவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்திருக்கும் அறைக்கான தொகைதான்.

சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே கிடையாது. பிரிந்துவந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு இருந்தால், வெளியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் அதைச் சேமிப்பாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

ஏற்கெனவே இருவர் பெயரிலும் யூனிவர்சல் கிரெடிட் இருந்தால், பிரிந்ததையும் புதிய முகவரியையும் உடனே ஆன்லைன் கணக்கில் தெரிவியுங்கள். வீட்டுக்காரர் உறவா என்று கேட்டால் ஆம் என்றே எழுதுங்கள்; மறைத்தது பின்னால் தெரிந்தால் உண்மையான வாடகையும் பொய்போலத் தோன்றும். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். அதுவரை வாடகை தாமதமானால், எப்போது கட்டுவீர்கள் என்று அண்ணன் கேட்பதும் நீங்கள் பதில் சொல்வதும் குறுஞ்செய்தியில் இருக்கட்டும். அதுவும் சான்றுதான்.

உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் தனியாகக் கவுன்சில் வரிக் குறைப்புக் கேளுங்கள். வீட்டில் பெரியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் 25 சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கை மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். ஒப்பந்தம், வங்கி அறிக்கை, அண்ணனின் முகவரி வேறு என்பதற்கான சான்று மூன்றையும் இணையுங்கள். அதிலும் இல்லை என்றால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய மீண்டும் ஒரு மாதம் இருக்கிறது. 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக ஆலோசனை தரும்.