வீட்டு சிசிடிவி பதிவு கணினியில் ஓடவில்லையா?

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் திருட்டு நடந்து, போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் காட்சி எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு இந்தச் சிக்கல் தெரியவரும்: சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். பெரும்பாலும் கோப்பு கெடவில்லை. பதிவு எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்கிறது, கணினியில் அதைப் பிரித்துக் காட்டும் கோடெக் என்ற மென்பொருள் இல்லை, அவ்வளவுதான். முதலில் விஎல்சி 3 என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். கோப்பு .டிஏவி என்று முடிந்தால், ரெக்கார்டர் நிறுவனத்தின் பிளேயரில் திறந்து எம்பி4 ஆக மாற்றுங்கள். பெயரில் உள்ள வால்பகுதியை மட்டும் மாற்றுவது வீண்வேலை. மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். சாட்சியாக மதிப்புள்ளது அதுதான்.

நகலெடுப்பது பாதியில் நின்றால் பெண்டிரைவைக் கவனியுங்கள். அது ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், ரெக்கார்டர் அதை ஏற்காவிட்டால் 30 நிமிடத் துண்டுகளாக எடுங்கள்.

இனிமேல் தொல்லை வேண்டாமென்றால் கேமரா அமைப்பில், பெரும்பாலான கணினிகளில் ஓடும் எச்.264 முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இடம் அதிகம் தின்னும்: 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கேமரா நாளுக்குச் சுமார் 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட்டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது.

கோலாலம்பூர் இடிமழையில் மின்சாரம் டிரிப் ஆனால் கடைசிக் கோப்பு முழுமையாக மூடப்படாமல் கெடும். ரெக்கார்டருக்குச் சிறிய யுபிஎஸ் கட்டாயம் வையுங்கள்.