எச்பிஎல்சியில் பெப்டைடைப் பிரித்து அளப்பது எப்படி

எச்பிஎல்சி என்பது துகள் நிரப்பிய குழல் வழியே உயரழுத்தத்தில் கரைப்பானை ஓட்டிக் கலவையைப் பிரிக்கும் முறை. அதில் கரைப்பான்களை ஒரே விகிதத்தில் ஓட்டிப் புரதங்களைப் பிரிப்பது கடினம். நீரோடு கலந்து ஓட்டும் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் குறிப்பிட்ட அளவை எட்டும்வரை புரதம் குழலின் தலைப்பகுதியில் ஒட்டியே கிடக்கும். எட்டியதும் சட்டென்று விட்டுவிடும். பெரிய பெப்டைடுகளும் (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலிகள்) அப்படித்தான். அதனால்தான் விகிதத்தைப் படிப்படியாக ஏற்றும் கிரேடியன்ட் தேவை.

பெப்டைடுகளுக்கு 4.6 × 150 மி.மீ. சி18 குழல் (18 கார்பன் சங்கிலி ஒட்டிய நிரப்பு கொண்டது; சி4 என்றால் 4 கார்பன்) போதும். முழுப் புரதம் என்றால் 300 ஆங்ஸ்ட்ராம் நுண்துளை கொண்ட சி4 வாங்குங்கள். சிறிய துளைக்குள் புரதம் நுழையாது.

ஏ கரைசல்: நீரில் 0.1% டிஎஃப்ஏ (டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம்). பி கரைசல்: அசிட்டோநைட்ரைலில் 0.085% டிஎஃப்ஏ. இரண்டிலும் 0.1% போட்டால், ஒளி உறிஞ்சலை அளக்கும் 214 நானோமீட்டரில் வரைபடத்தின் அடிக்கோடு சாய்ந்துகொண்டே போகும். நிறைநிறமாலைமானியோடு இணைப்பதானால் டிஎஃப்ஏ அயனியாக்கத்தை அமுக்கிவிடும். ஃபார்மிக் அமிலம் 0.1% நல்லது.

நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டம். 5% பியில் 3 நிமிடம், 30 நிமிடத்தில் 50% வரை ஏற்றம், பிறகு 95%இல் 5 நிமிடம் கழுவல், மீண்டும் 5%இல் 15 நிமிடம். இந்தக் கடைசி 15 நிமிடத்தைக் குறைத்தால் முகடுகள் (வெளியேறும் பொருள்கள் வரைபடத்தில் காட்டும் மேடுகள்) ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறும்.

மாதிரியை ஏ கரைசலிலேயே கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 20 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள். அசிட்டோநைட்ரைல் மிகுந்த கரைசலில் கரைத்தால் பெப்டைடு ஒட்டாமல் சுமார் 1.5 நிமிடத்திலேயே வெளியேறிவிடும். கண்ணாடிக் குப்பி வேண்டாம். நீர்த்த பெப்டைடு சுவரில் படிந்து, அளவுக்கோட்டின் (தெரிந்த செறிவுகளை முகட்டின் அளவோடு பொருத்தும் கோடு) அடிப்புள்ளி தாழும். பாலிப்ரொப்பிலீன் குப்பி எடுங்கள்.

அளவுக்கோட்டுக்கு மி.லி.க்கு 10, 25, 50, 100, 200 மைக்ரோகிராம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நிறுத்த பொடி முழுவதும் பெப்டைடு அல்ல. அதில் டிஎஃப்ஏ உப்பும் ஈரமும் உண்டு. சான்றிதழில் உள்ள நிகரப் பெப்டைடு சதவீதத்தால் எடையைத் திருத்தாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். டிரிப்டோஃபேனோ டைரோசினோ இருந்தால் 280 நானோமீட்டரில் சரிபார்க்கலாம்.

மாதிரிக்கு முன் வெறும் ஏ கரைசலைச் செலுத்தி முழு கிரேடியன்ட் ஓட்டுங்கள். முகடு தெரிந்தால், எதையும் செலுத்தாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள். மறைந்தால் குற்றம் ஊசியிலும் செலுத்தும் பகுதியிலும். 50% அசிட்டோநைட்ரைலால் கழுவுங்கள். மறையாவிட்டால், 5% பியில் ஓடும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். முகடும் கூடவே வளர்ந்தால், நீரிலுள்ள அழுக்கு குழலில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏ கரைசலைக் கொட்டிவிட்டுப் புது நீரில் தயாரியுங்கள்.